பதினொரு பக்க மின்னஞ்சலை அனுப்பலாமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: கோவை வட்டாரத்தில் வால்வு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுத் துறை (க்யூ.சி.) தலைவராக இருக்கிறார் இவர். வயது 41, அதே இடத்தில் 14 ஆண்டுப் பணி. வார்ப்பில் நுண்துளைகள் இருந்ததால் ஒரு லாட் வால்வு பாடிகளை இவரது துறையின் இன்ஸ்பெக்டர் நிறுத்திவைத்து, சிவப்பு ஹோல்டு டேக் கட்டியிருக்கிறார். மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு அந்த டேக்கை அகற்றி, 46 பாடிகளை அசெம்பிளிக்கு அனுப்பச் சொன்னவர் உற்பத்தி மேலாளர். வாடிக்கையாளரின் அழுத்தச் சோதனையில் அவற்றில் மூன்று கசிந்தன. அடுத்த ரிவ்யூ மீட்டிங்கில், நிர்வாக இயக்குநரின் முன்னிலையில், “க்யூ.சி. தூங்கிவிட்டது” என்று அதே மேலாளர் சொல்லியிருக்கிறார். அங்கே வாயடைத்துப்போய் வீடு திரும்பிய வாசகர், நான்கு இரவுகள் உட்கார்ந்து, பதினொரு பக்கங்களும் 27 இணைப்புகளும் கொண்ட மின்னஞ்சல் ஒன்றைத் தயாரித்திருக்கிறார். நிர்வாக இயக்குநர், மற்ற இயக்குநர்கள், எல்லாத் துறைத் தலைவர்கள், வாடிக்கையாளர் நிறுவனத்தின் கொள்முதல் தலைவர் ஆகிய அனைவருக்கும் அதை அனுப்புவது அவர் எண்ணம். நடவடிக்கை இல்லாவிட்டால் இதையே ராஜினாமாவாகக் கொள்ளலாம் என்று கடைசி வரி சொல்கிறது. டேக் கட்டிய இளைஞருக்கும் மெமோ கொடுத்திருப்பதாக ஆறாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது.

“நயமாகப் பேசிப் பழகு என்கிறார்கள். அது ஜால்ரா போடுவதற்கு நாகரிகமான பெயர் என்றே எனக்குப் படுகிறது. 1962இல் அமெரிக்க அதிபர் கென்னடி ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. அதனால்தான் சோவியத் தலைவர் குருஷ்சேவ் கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துப் போனார். நான் மட்டும் ஏன் பணிந்து போக வேண்டும்? இதை அனுப்பலாமா, சட்டப்படி சிக்கல் வருமா, வேலையை விட்டுவிடலாமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

மின்னஞ்சல் இன்னும் டிராஃப்டிலேயே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக உங்கள் மனைவிக்கு நன்றி சொல்லுங்கள். “இதைப் படித்துவிட்டு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று அவர் கேட்டதாகவும், உங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இருபதாண்டுக்கும் மேலாகத் தொழிலாளர் வழக்குகளை நடத்தி, இப்போது சமரசம் பேசி வைப்பதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டிருக்கும் நான், என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான்.

பதினொரு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். நான்காம் பக்கம் வரை எனக்கும் கோபம் வந்தது. ஏழாம் பக்கத்தில், சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் கார் நிறுத்தும் இடத்தை அதே மேலாளர் எடுத்துக்கொண்ட கதை வந்ததும் கோபம் வடிந்துவிட்டது. நிர்வாக இயக்குநருக்கும் அப்படித்தான் வடியும்; அதன்பின் அவர் மனதில் நிற்கப்போவது 46 வால்வுகளா, கார் நிறுத்துமிடமா என்று யோசியுங்கள். (நாங்கள் எழுதும் மனுக்களிலும் இந்த வியாதி உண்டு. வலுவான காரணம் ஒன்று கையில் இருக்கும்போது, பலவீனமான பத்தைச் சேர்த்து அதைப் புதைத்துவிடுவோம்.)

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும்

“உண்மையைத்தானே எழுதுகிறேன், அது எப்படி அவதூறாகும்?” என்று கேட்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் குற்றவியல் அவதூறைப் பொறுத்தவரை உண்மை என்பது மட்டும் போதாது. அதை வெளியிடுவது பொதுநலத்துக்கு வேண்டியிருந்தது என்பதையும் காட்ட வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக இருக்கிறது. அதில் உங்களுக்குப் பயன்படக்கூடிய விதிவிலக்கு ஒன்று உண்டு: ஒருவர்மீது அதிகாரம் உள்ளவரிடம், நல்லெண்ணத்துடன் அவரைப் பற்றி முறையிடுவது அவதூறு ஆகாது. நிர்வாக இயக்குநருக்கு மட்டும் எழுதினால் இந்தக் குடையின் கீழ் நிற்கிறீர்கள். மற்ற துறைத் தலைவர்களையும் வாடிக்கையாளரையும் சேர்த்த கணமே குடையை நீங்களே மடக்கிவிடுகிறீர்கள், ஏனென்றால் அவர்களில் யாருக்கும் அந்த மேலாளர்மீது அதிகாரம் கிடையாது. அதிலும் “மோசடி” என்ற சொல்லை ஒன்பது இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் சான்றுகள் விதிமீறலைக் காட்டுகின்றன. மோசடியை அவை காட்டவில்லை.

நிறுவனத்தின் உள் அறிக்கைகளை நீங்களாகவே வெளியாருக்கு அனுப்புவது, வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ரகசியக் காப்பு விதியை மீறுவதாகப் பார்க்கப்படும். அப்போது விசாரணை உற்பத்தி மேலாளரை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பும். ராஜினாமா வரியோ இதைவிட ஆபத்தானது. மிரட்டலாக நீங்கள் எழுதியதை ஹெச்.ஆர். துறை விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு, மறுநாளே “ஏற்கப்பட்டது” என்று பதில் அனுப்பினால், கோபத்தில் எழுதினேன் என்று பிறகு வாதாடிக்கொண்டிருப்பது மிகக் கடினம். அந்த வரியை இன்றே நீக்கிவிடுங்கள்.

தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர்களும் “தொழிலாளர்” என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். பதவியின் பெயரைவிட, செய்யும் வேலையின் தன்மையைத்தான் நீதிமன்றம் பார்க்கும். எட்டுப் பேருக்கு விடுப்பு ஒப்புதல் தந்து, அவர்களின் ஊதிய உயர்வுக்குப் பரிந்துரை எழுதும் நீங்கள் அந்த வாசலில் நுழைவது சந்தேகம்தான். ஆகவே உங்கள் விஷயத்தில் சட்டத்தின் துணை மெலிந்தது. பேச்சுவார்த்தை உங்களுக்குக் கூடுதல் அவசியமாவது இதனால்தான்.

“ராஜதந்திரம்” என்ற சொல்

உங்கள் தயக்கத்துக்கு நம் மொழியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ராஜதந்திரம் என்று சொல்லும்போதே அதற்குள் ஒரு தந்திரம் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. நெளிவு சுளிவு என்றாலோ முதுகெலும்பு இல்லாதது போல் ஒலிக்கிறது. ஆனால் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரை நினைத்துப் பாருங்கள். தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டிய அரசனிடம், உன் வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பட்டுக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் சொன்னதைப் புறநானூற்றின் 95ஆம் பாடலில் படிக்கிறோம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, மிரட்டலும் இல்லை, ஜால்ராவும் இல்லை. போர் பழகியவன் யார் என்பதைத் தொண்டைமானே கணக்குப் போட்டுக்கொள்ளும்படி விட்டுவிட்டார். கோபித்துக்கொள்ளவும் அவனுக்கு இடம் தரவில்லை.

1962 அக்டோபரில் நடந்தது

கென்னடி அசையாமல் நின்றதால் வென்றார் என்ற நம்பிக்கையைத்தான் உங்கள் கடிதத்தின் தூணாக நிறுத்தியிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் உலகமே அப்படி நம்பியது. நடந்தது வேறு.

கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் அமைக்கப்படுவதை 1962 அக்டோபர் 14 அன்று யு-2 உளவு விமானம் படம் பிடித்தது. உடனே குண்டு வீச வேண்டும் என்று ஆலோசகர்கள் சிலர் வற்புறுத்தினார்கள். கென்னடி கடல்வழித் தடையைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு “முற்றுகை” என்று பெயரிடவும் மறுத்தார். சர்வதேசச் சட்டத்தில் முற்றுகை ஒரு போர்ச்செயல். ஆகவே, துறைமுகத்தில் நோய் பரவாமல் கப்பலை ஒதுக்கிவைப்பதற்கு வழங்கும் “குவாரன்டைன்” என்ற சொல்லை அதற்குச் சூட்டினார்கள். போர்க்கப்பல்கள் அதே இடத்தில்தான் நின்றன. எதிர்த் தரப்பு மறுநாளே பதிலடி கொடுத்தாக வேண்டிய கட்டாயத்தைத்தான் அந்தச் சொல் தவிர்த்தது.

அக்டோபர் 26 அன்று குருஷ்சேவிடமிருந்து நீண்ட தனிக்கடிதம் வந்தது. கியூபாவின்மீது படையெடுக்க மாட்டோம் என்று உறுதி தந்தால் ஏவுகணைகளை எடுத்துக்கொள்ள வழியுண்டு என்ற குறிப்பு அதில் இருந்தது. மறுநாள் வந்த இரண்டாம் கடிதத்தை மாஸ்கோ வானொலியிலேயே வாசித்தார்கள். துருக்கியில் இருக்கும் அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகளும் அகற்றப்பட வேண்டும் என்றது அது. அதே 27ஆம் தேதி கியூபாவின் மேல் பறந்த யு-2 சுட்டு வீழ்த்தப்பட்டு அதன் விமானி இறந்தார். இப்படி நடந்தால் விமானத்தைச் சுட்ட விமான எதிர்ப்பு ஏவுகணைத் தளத்தைத் தாக்குவது என்று முன்பே பேசிவைத்திருந்தும், கென்னடி தாக்கச் சொல்லவில்லை. முதல் கடிதத்துக்குச் சாதகமாகப் பகிரங்கப் பதில் அனுப்பினார். அன்று மாலையே தன் தம்பி ராபர்ட் கென்னடியைச் சோவியத் தூதர் டோப்ரினினிடம் பேசவைத்தார். துருக்கி ஏவுகணைகள் நான்கைந்து மாதங்களில் போய்விடும், ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே சொல்லப்பட்ட செய்தி. மறுநாள் குருஷ்சேவ் சம்மதித்தார். துருக்கியில் இருந்த 15 ஜூபிடர் ஏவுகணைகள் 1963 ஏப்ரலுக்குள் கழற்றப்பட்டன. பின்வாங்காத மனிதர் பின்வாங்கிய கதை முழுதாக வெளிவர 1989 வரை ஆயிற்று.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, அந்த 27ஆம் தேதிக் கூட்டத்தில் இருந்த தாம்சன் என்பவரைப் பற்றி. மாஸ்கோவில் ஐந்தாண்டு தூதராக இருந்து குருஷ்சேவை நேரில் பழகி அறிந்தவர். பேசி அந்த ஏவுகணைகளை வெளியேற்ற முடியாது என்று கென்னடி சலித்துக்கொண்டபோது, முடியும் என்று மறுத்தார். கியூபாவைக் காப்பாற்றினேன், படையெடுப்பைத் தடுத்தேன் என்று தன் மக்களிடம் சொல்லிக்கொள்ள குருஷ்சேவுக்கு ஒரு வாய்ப்பு இருந்தால் போதும் என்பது அவர் கணிப்பு. அறையில் இருந்த மற்றவர்கள் எதிரியிடம் எத்தனை ஆயுதங்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க, எதிரி நாளைக் காலை யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று யோசித்த ஒருவர் அங்கே இருந்தார்.

ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. கென்னடிக்குப் பின்னால் ஒரு கடற்படையே நின்றது. உங்களுக்குப் பின்னால் வீட்டுக்கடன் நிற்கிறது. இருந்தாலும் உங்களிடமும் ஒரு பலம் இருக்கிறது. அது அந்த 27 இணைப்புகளில் நான்கு: ஆய்வு அறிக்கை, ஹோல்டு பதிவேட்டின் பக்கம், இரவு ஷிஃப்ட் பதிவேடு, வாடிக்கையாளரின் சோதனை முடிவு. மற்ற 23ஐ ஒதுக்கி வையுங்கள்.

எதில் உறுதி, எதில் தளர்வு

46 பாடிகளில் மூன்று கசிந்தன. மீதி 43 எங்கே என்று பதினொரு பக்கங்களில் ஓர் இடத்திலும் நீங்கள் எழுதவில்லை. அவற்றில் சில ஏதோ ஓர் ஆலையின் குழாயில் பொருத்தப்பட்டு, பக்கத்தில் ஒரு ஆபரேட்டர் நின்றுகொண்டிருக்கலாம். அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்பதில் அணுவளவும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிறுவனமே வாடிக்கையாளருக்கு அதிகாரபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்று தேதி குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். அதற்கு மறுத்தால் நயம் பேசும் நேரம் முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு வகை வழக்கு.

உற்பத்தி மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கைவிடச் சொல்வேன். உங்களுக்கு அது வலிக்கும் என்று தெரியும். ஆனால் மாதக் கடைசி டிஸ்பாட்ச் டார்கெட்டை நிர்ணயித்தவர் யார்? நிர்வாக இயக்குநர். மேலாளரைக் கூண்டில் ஏற்றினால், பக்கத்தில் தானும் நிற்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குப் புரியும்; புரிந்ததும் இருவரும் ஒரே தரப்பாகிவிடுவார்கள். மாறாக, ஹோல்டு செய்த பொருள் திறந்த தரையில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் டேக்கைக் கழற்றலாம், அதனால் பூட்டுப் போட்ட கூண்டு ஒன்றும் இரு துறைகளின் கையெழுத்தும் வேண்டும் என்று கேளுங்கள். “நான் செய்தது தவறு” என்று யாரும் சொல்லாமலேயே அதற்கு ஒப்புதல் தர முடியும்.

உங்கள் பக்கத்திலும் ஒரு துருக்கி உண்டு. மாதக் கடைசியில் க்யூ.சி. ஒப்புதலுக்கு இரண்டு நாள் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை ஆள் இருப்பதில்லை என்று உற்பத்தித் துறை நெடுநாளாகக் குறை சொல்வதை நீங்களே ஐந்தாம் பக்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். கடைசி வாரத்தில் 24 மணி நேரத்துக்குள் முடிவு சொல்கிறோம் என்று நீங்களாக முன்வந்து சொல்லிப் பாருங்கள். ஜூபிடர் ஏவுகணைகளும் அப்போதே காலாவதியானவைதாம். கொடுத்தவருக்குப் பெரிய இழப்பில்லை, வாங்கியவருக்கோ அது பெரிதாக இருந்தது.

மின்னஞ்சல் ஒரே பக்கமாக, நிர்வாக இயக்குநருக்கு மட்டும் போகட்டும். இரண்டாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது: “டார்கெட்டுக்காகக் கம்பெனியையே விற்றுவிடும் இந்த மோசடிப் பேர்வழி, சனிக்கிழமை இரவு திருட்டுத்தனமாக டேக்கை அறுத்து எறிந்தார்.” இதை இப்படி எழுதலாம்: “சனிக்கிழமை இரவு ஷிஃப்டில், ஹோல்டு டேக் இடப்பட்டிருந்த 46 பாடிகள், எழுத்துமூல டீவியேஷன் (விதிவிலக்கு) அனுமதி இல்லாமல் அசெம்பிளிக்குச் சென்றுள்ளன, ஷிஃப்ட் பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன்.” முதல் வாக்கியத்துக்கு “அவர் எப்போதுமே உணர்ச்சிவசப்படுபவர்” என்று ஒரு பதில் போதும். இரண்டாவதற்கு அப்படி எளிதில் பதில் கிடைக்காது. அனுப்புவதற்கு முந்தைய நாள், பத்து நிமிடம் கேட்டு வாங்கி, அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். எழுத்தில் முதன்முறை பார்த்து அதிர்ச்சி அடைபவர் தற்காப்பில் இறங்கிவிடுவார்.

உற்பத்தி மேலாளரிடமும் பேச வேண்டும். கியூபா நெருக்கடியின்போது வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகம் தன் சங்கேதச் செய்தியை மாஸ்கோவுக்கு அனுப்ப, சைக்கிளில் வரும் தந்தி அலுவலகப் பையனுக்காகக் காத்திருந்தது என்று டோப்ரினின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பயந்துபோன இரு அரசுகளும் 1963 ஜூனில் நேரடித் தந்தித் தொடர்புக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரே ஷெட்டில் முப்பது மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் இருவரும் ஏழு மாதங்களாக மின்னஞ்சலில் மட்டுமே பேசிக்கொள்கிறீர்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஷாப் ஃப்ளோரில் நின்றபடியே, தினமும் ஐந்து நிமிடம் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்பு வேண்டாம், இன்று எந்த லாட் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்ற தகவல் போதும்.

வேலையை விடுவது பற்றி: இதையெல்லாம் செய்துபார்த்து மூன்று மாதம் கழித்து முடிவெடுங்கள். போவதானாலும் நோட்டீஸ் கொடுத்து, அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம்.

டேக் கட்டிய இளைஞர்

கியூபா ஒப்பந்தத்தில் ஒரு கறை உண்டு. ஏவுகணைகள் யார் மண்ணில் இருந்தனவோ அந்த நாட்டின் தலைவர் காஸ்ட்ரோவை யாரும் கலந்துபேசவில்லை. முடிவு அவருக்குச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. கொதித்துப்போன அவர், ஏவுகணைகள் போய்விட்டனவா என்று ஐ.நா. பார்வையாளர்கள் கியூபாவுக்குள் வந்து சரிபார்க்க அனுமதிக்கவில்லை. பெரியவர்கள் இருவர் பேசி முடிக்கும்போது மூன்றாமவர் விடுபட்டுப்போவது பேச்சுவார்த்தையில் அடிக்கடி நேரும் பிழை. நான் நடத்திய சமரசங்களிலும் இரண்டு முறை நேர்ந்திருக்கிறது. இரண்டு முறையும் விடுபட்டவர் சம்பளத்தில் சிறியவர்.

உங்கள் பதினொரு பக்கங்களில் அந்த இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்தது ஒரே வரி. அவர் டேக் கட்டியது சரி. அதைப் பதிவேட்டில் எழுதியதும் சரி. நாளை நிர்வாக இயக்குநரும் நீங்களும் மேலாளரும் சமாதானமாகிவிட்டால், “கவனக்குறைவு” என்ற மெமோ அவருடைய கோப்பில் மட்டும் தங்கிவிடும். ஆகவே அந்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும் என்பதையும், 43 பாடிகளுக்கு அடுத்தபடியாக, விட்டுக்கொடுக்கக் கூடாதவற்றில் சேருங்கள். சட்டத்தில் அவர் நிலை உங்களுடையதைவிடப் பலமானது. தொழில்நுட்ப வேலை செய்பவர் என்பதால் சம்பளம் எவ்வளவானாலும் அவர் “தொழிலாளர்” ஆகிறார். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருக்க வேண்டிய குறைதீர்க் குழுவில் அவர் முறையிடலாம். விசாரணையின்றி அவரைத் தண்டிக்கவும் முடியாது.

மெமோவுக்குப் பதில் தர ஏழு நாள் அவகாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோதே நான்கு நாள் கழிந்திருந்தது. மின்னஞ்சல் அடுத்த வாரம் போகட்டும். இன்று மாலை அவரை அழைத்து உட்காரவைத்து, ஹோல்டு பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, தேதியும் நேரமும் மட்டும் சொல்லும் அரைப்பக்கப் பதிலை எழுத உதவுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சியாக இன்னொரு பிரதியில் ஹெச்.ஆர். முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.